பெண் பார்க்க வந்தவரும் பாய்ப்படகும்

பெண் பார்க்க ஆட்கள் வருகிற நாளில் எந்த மகளாவது வேலைக்குப் போவாளா என்று அழகம்மா விடிந்ததிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள். சுதர்ஷினி அதைக் கேட்டுக்கொண்டேதான் ரொட்டியைத் தின்றாள், கேட்டுக்கொண்டேதான் செருப்பையும் மாட்டினாள்.

"பதினோரு மணிக்குள்ள வந்துருவேம்மா. படகத் தண்ணியில எறக்கி ஒரு சுத்து பாத்துட்டு வாறதுதானே. நாளைக்கி கெஸ்ட் வாறாங்க."

"அந்தப் படகாலதான் போன எடம் தட்டிப் போச்சு. நெனப்பு இருக்கா?"

இருந்தது. நோட்டன் பிரிட்ஜிலிருந்து வந்தவர்கள் தேத்தண்ணி குடித்து, பலகாரம் சாப்பிட்டு, எல்லாம் பிடித்துப்போய், கடைசியில்தான் பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று விசாரித்தார்கள். காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் இருக்கும் பங்களா ஹோட்டலில் பாய்ப்படகு ஓட்டுகிறாள் என்றதும், மாப்பிள்ளையின் அம்மா பாதி கடித்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அறை துப்புரவு பண்ணத்தான் சுதர்ஷினி அந்த ஹோட்டலில் சேர்ந்தாள். படகோட்டக் கற்றுக்கொடுக்கக் கொழும்பிலிருந்து வந்திருந்த அம்மணி ஒருவர், விருந்தாளிகள் இல்லாத ஒரு மத்தியானம் சும்மா நின்றவளைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார். அந்த அம்மணி வேலையை விட்டுப் போனபோது படகு இவள் கைக்கு வந்தது. வைகாசி மழை பிடித்தால் கொட்டகைக்குள் போகும் படகு, வானம் வெளுத்த பிறகுதான் வெளியே வரும். இந்த முறை மார்கழி முழுக்க மழை விடவில்லை. பொங்கல் முடிந்த இந்த வாரம்தான் வெயில் எட்டிப்பார்த்திருந்தது.

கொட்டகைக்குப் போய்ப் படகைத் துடைத்துப் பாயைக் கட்டி முடித்தபோது பிரதாப்பின் அழைப்பு வந்தது. அவளோடு படகில் போகிறவன் அவன்தான். காய்ச்சலாம், எழும்பவே முடியவில்லையாம். தனியே தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது ஹோட்டலின் சட்டம். மாதக்கணக்கில் காத்திருந்து, காற்றும் வந்து, கடைசியில் ஆள் இல்லை. அவள் படகின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மேலேயிருந்து ஒருவர் சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மூக்குக் கண்ணாடி, சப்பாத்தெல்லாம் சேறு.

"சுதர்ஷினிங்களா?"

"ஆமா. ரூம் பாக்கவா? ஆபீஸ் மேல இருக்குங்க."

"இல்லீங்க. நான் திலக்ஷன். லிந்துலையில இருந்து வாறேன். பதினோரு மணிக்கு ஒங்க வீட்டுக்கு வர வேண்டிய ஆளு."

அவள் சட்டென்று எழுந்தாள். காற்சட்டை முழங்கால் வரை மடிந்திருந்தது. கை இரண்டிலும் கிரீஸ்.

"அம்மாவும் மாமாவும் வேன்ல வாறாங்க," என்றார் அவர். "நீங்க இங்கதான் வேலன்னு கேள்விப்பட்டு நான் மொத பஸ்ல வந்துட்டேன். எல்லாரும் சுத்தி உக்காந்திருந்தா ஒங்ககிட்ட ஒன்னும் கேக்க முடியாது. நீங்களும் கேக்க மாட்டீங்க."

அதுவும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. ஆனால் காற்று போய்விடுமே.

"நீந்தத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தண்ணின்னா பயமா?"

"ஏறிப் பாத்தாதான் தெரியும்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்தது. மிதவைச் சட்டை ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் சப்பாத்தைக் கழற்றி, போனை அதற்குள் வைத்துவிட்டு ஏறினார்.

பாய் விரிந்ததும் இரண்டு தரம் படபடத்தது, பிறகு நிறைந்தது. படகு தானாகவே கரையை விட்டு நகர்ந்தபோது சுதர்ஷினியின் நெஞ்சுக்குள் இத்தனை மாதமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று இளகியது. எதிர்மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி கை அசைத்தாள். திலக்ஷன் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்திருந்தார். ஆனால் கண்ணை மூடவில்லை.

தலவாக்கலை தபால் கந்தோரில் வேலை, அப்பா இல்லை, தங்கச்சி ஒருத்தி என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர், நடுத்தண்ணீரில் வைத்துக் கேட்டார்.

"கல்யாணத்துக்குப் பொறகு இந்த வேலைய வுட்டுருவீங்களா?"

அதற்கான பதிலை அவள் எப்போதோ யோசித்து வைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று, பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைக் கொக்கியில் சுற்றிவிட்டுத் திரும்பினாள். எந்த விருந்தாளியையும் அவள் செய்ய விடாத காரியம் அது. இரண்டு மலைக்கு நடுவிலிருந்து ஒரு காற்று விசிறி அடித்தது. கயிற்றை அவிழ்க்க நேரமில்லை. படகு ஒரு பக்கமாகப் படுத்தது, இருவரும் தண்ணீருக்குள்.

குளிர் மூச்சை அடைத்தது. மேலே வந்தவள் முதலில் அவரைத்தான் தேடினாள். பாய்க்கு அந்தப் பக்கம் அவருடைய செம்மஞ்சள் மிதவைச் சட்டை தெரிந்தது. இருமிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி போச்சுங்க."

"போகட்டும். படகோட மூக்கப் புடிச்சுக்கங்க. என்ன நடந்தாலும் வுடாதீங்க."

அவர் விடவில்லை. அவள் படகின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பலகையின் மேல் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். கால் வழுக்கி மறுபடி விழுந்தாள். திரும்ப ஏறினாள். பாய் தண்ணீரை உதறிக்கொண்டு மெல்ல எழுந்தது, படகு நிமிர்ந்தது. உள்ளே தாவி ஏறி, அவரையும் இழுத்துப் போட்டாள். இருவருக்கும் குளிரில் பல் அடித்தது.

"என் தப்புங்க," என்றாள். "கயித்தக் கட்டவே கூடாது. ஒங்ககூடப் பேசுற யோசனையில கட்டிட்டேன்."

"நானும் நேரங்கெட்ட நேரத்துலதான் கேட்டேன்."

"இப்ப சொல்றேன். வேலைய வுட மாட்டேங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வுடச் சொல்லலீங்க. அம்மா கேப்பாங்க, என்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியணும்ல. அவங்க ஒத்துக்குவாங்கன்னு வாக்குக் குடுக்க ஏலாது. ஆனா நானே பேசுவேன். ஒங்களப் பேச வுட்டுட்டு நிக்க மாட்டேன்."

சுதர்ஷினி பாயின் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். "புடிச்சுக்கங்க. காத்து அடிச்சா வுட்டுக் குடுங்க." கயிறு வெட்டி இழுத்ததும் அவர் முகம் மாறியது. கரை சரியாகத் தெரியாத கண்ணோடு, அவள் சொல்லச் சொல்ல இழுத்தும் விட்டும் வந்தார்.

நனைந்த கோலத்தில் இருவரும் அவள் வீடு இருக்கும் தோட்டத்து லயத்துக்கு ஏறி வந்தபோது வேன் வந்து நின்றிருந்தது. அழகம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். திலக்ஷனின் அம்மா நாகலெட்சுமி மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"கண்ணாடி எங்க?"

"தண்ணிக்குள்ள."

"நீ?"

"நானும் தண்ணிக்குள்ளதாம்மா கெடந்தேன். இவங்கதான் தூக்குனாங்க. இதுதான் இவங்க வேல. வுட மாட்டாங்களாம். எனக்கும் அதுதான் சரின்னு படுது."

நாகலெட்சுமி சுதர்ஷினியின் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு பெரிய ஆள எப்புடிம்மா தூக்குன?"

"தோள்பட்டயப் புடிச்சு ஒரு தரம் கீழ அமுக்கணுங்க. மேல வாறப்ப அந்த வேகத்துலயே இழுத்துரணும்."

"எம்மகன அமுக்குனியா?" என்று கேட்டவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உள்ள போ, மொதல்ல தலையத் தொவட்டு. பொறகு பேசலாம்."

அன்றைக்கு எதுவும் முடிவாகவில்லை. மாமா ஜாதகம் பார்க்க வேண்டும் என்றார். நாகலெட்சுமி யோசிக்க வேண்டும் என்றார். ஆனால் பலகாரத் தட்டு காலியாகத்தான் உள்ளே வந்தது.

மறுநாள் காலை விருந்தாளிகளுக்காகப் படகைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"திலக்ஷன் பேசுறேங்க. இன்னைக்கிக் காத்து எப்புடி?"

சுதர்ஷினி தண்ணீரைப் பார்த்தாள். தூரத்தில் காற்று எழுப்பிய சின்னச் சின்னக் கறுப்புச் சுருக்கங்கள் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தன. விளிம்பில் உட்கார்ந்து, அவருக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.