கை தவறாதவன்

“கரண்டியை விடப் பாரமான எதையும் தூக்காதே” என்று சொல்லித்தான் பயிற்சியாளர் நிலோஜனைக் கொழும்பில் பஸ் ஏற்றி விட்டிருந்தார்.

திங்கட்கிழமை அவனுக்கு முக்கியமான நாள். பத்தொன்பது வயது. தொழில்முறை டென்னிஸுக்கு வந்ததிலிருந்து தகுதிச் சுற்றுகளிலேயே உதைபட்டுத் திரும்பியவனுக்கு, இப்போதுதான் முதன்முறையாகப் பிரதான சுற்றில் இடம் கிடைத்திருந்தது. முதல் ஆட்டத்தை வென்றால் உலகத் தரவரிசையில் ஒரு புள்ளி. ஒரேயொரு புள்ளிதான். ஆனால் அது இல்லாதவனை டென்னிஸ் உலகம் பிறந்தவனாகவே எடுத்துக்கொள்வதில்லை.

ஊருக்கு வந்தது அம்மாவின் நேர்த்திக்காக. மகனுக்கு இடம் கிடைத்தால் கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்தித் திருவிழாவுக்கு அவன் கையாலேயே பொங்கல் பானை ஏற்றுவதாக அன்னப்பூரணி வேண்டியிருந்தாள். பானை கரண்டியை விடப் பாரம். அதை நிலோஜன் பயிற்சியாளரிடம் சொல்லவில்லை.

பெரியகல்லாற்றுக்கு அப்பால், வாவி வளைந்து உள்ளே புகும் இடத்தில் இருக்கிறது தில்லைக்குடா. வைகாசியில் குளிர்த்தி நெருங்கியதும் அந்த ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிளந்துவிடும். பிள்ளைகள் அப்பன் சேரி. கலியாணம் கட்டி வந்த பெண் அந்த நாட்களில் மூட்டையைக் கட்டிக்கொண்டு தான் பிறந்த சேரிக்குப் போய்விடுவாள். அன்னப்பூரணி வடசேரிக்காரி. தமையன் வீட்டுப் படலையில் நின்றுகொண்டு, தெருவால் போன தன் புருஷன் கனகசிங்கத்துக்குக் கேட்கும்படியாக, “தோக்கிற சேரிக்கு இந்த முறை சோறாக்கவும் ஆளில்லையாம் கா” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்.

கனகசிங்கம் சிரிக்கவில்லை. தென்சேரி உண்மையிலேயே தோற்றுக்கொண்டிருந்தது.

கோயில் முன்றலில் போர்த்தேங்காய் நடந்தது. ஒரு சேரிக்காரன் உரித்த தேங்காயை எறிவான். எதிரே நிற்பவன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்த தேங்காயால் அதை மறித்து அடிப்பான். எந்தத் தேங்காய் உடைகிறதோ அந்தச் சேரிக்கு ஒரு தோல்வி. எறிந்தது தேங்காயில் படாமல் போனால் எறியும் முறை மற்றவனுக்கு. நெஞ்சுக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் எறியக்கூடாது. சிரட்டை வைரம் பாய்ந்தது. பிழையான இடத்தில் பட்டால் எலும்பு சும்மா இருக்காது. தென்சேரியில் மூன்று பேர் ஏற்கெனவே கை வீங்கிப்போய் வேப்பமரத்தடியில் குந்தியிருந்தார்கள்.

மூவரையும் அடித்தவன் சதீசன்.

மட்டக்களப்பு நகரில் வாவிக்கரையோரச் சீமெந்துக் கோர்ட்டில் நிலோஜனோடு ஒன்றாகவே ரக்கெட் பிடித்தவன் அவன். இரண்டு வருடத்துக்கு முன் வெளிநாட்டுப் பயிற்சிக்கு ஓர் இடம் வந்தது. அதற்கான கடைசி ஆட்டத்தில் இருவரும் மோதினார்கள். நிலோஜன் வென்றான். வெறுமனே வெல்லவில்லை, கடைசி செட்டில் சதீசனுக்கு ஒரு கேம் கூடக் கொடுக்கவில்லை. சதீசன் இப்போது இறால் பண்ணையில் வலை இழுக்கிறான்.

“இனி ஆரு?” சதீசன் தேங்காயை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு கேட்டான். “தென்சேரியில ஆம்புளையள் முடிஞ்சுதா? அந்தா நிக்கிறாரு கொழும்புத் துரை. வாறீங்களா தம்பி? வேர்த்தா துவாய் நீட்டுறதுக்கும் ஆள் போட்டுத் தாறம்.”

வடசேரி சிரித்தது.

“அவனுக்குத் திங்கக்கிழமை மெச் கிடக்கு” என்றார் கனகசிங்கம்.

“மெச்சா? அப்ப அந்தக் கையைக் கொண்டுபோய் அலுமாரிக்குள்ள பூட்டி வையுங்க மாமா. காத்துப் பட்டாலும் பழுதாப் போகும்.”

“நீ வா மனே. நம்மளுக்கு இது வேணாம்” என்று கனகசிங்கம் மகனின் தோளைப் பிடித்துத் திருப்பினார். நிலோஜனும் திரும்பினான். நாலு எட்டு வைத்திருப்பான்.

“கிறுகிப் போறான் பாருங்க” என்றான் சதீசன், பின்னால். “அண்டைக்கு எனக்குக் காய்ச்சல். இல்லாட்டி இவன் எங்க என்னை வெல்லுற?”

நிலோஜன் நின்றான். துவாயைப் பொறுத்தவன், அலுமாரியைப் பொறுத்தவன், இதைப் பொறுக்கவில்லை. அன்று சதீசனுக்குக் காய்ச்சலும் இல்லை, தலையிடியும் இல்லை. அப்பாவின் கையைத் தட்டிவிட்டு வந்து, மரத்தடியில் கிடந்த தேங்காய் ஒன்றை எடுத்து, வெள்ளைக்கோட்டில் போய் நின்றான்.

முதல் எறி. சதீசனின் தோள் எந்தப் பக்கம் திறந்தால் பந்து எந்தப் பக்கம் வரும் என்று நிலோஜனுக்கு எட்டு வயதிலிருந்தே தெரியும். தேங்காய் வரும் முன்பே நகர்ந்து நின்று மோதினான். சதீசனின் தேங்காய் பிளந்து தேங்காய்த் தண்ணீர் இருவர் முகத்திலும் தெறித்தது. தென்சேரிப் பெண்கள் குரவையிட்டார்கள்.

இரண்டாவது எறிக்கு அந்தத் தோள் திறக்கவேயில்லை. கடைசிக் கணத்தில் மணிக்கட்டு மட்டும் வெட்டித் திரும்பியது. நிலோஜன் உடம்பை முறுக்கி வலக்கையை இழுத்தான். அப்படியும் தேங்காய் மணிக்கட்டின் உட்புறத் தோலை உரித்துக்கொண்டு போனது. இரத்தம் முழங்கை வரை வழிந்தது.

“தவறிட்டு தம்பி” என்றான் சதீசன்.

நிலோஜன் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான். அசைந்தன. எலும்பு தப்பியிருந்தது. நரம்பும் தப்பியிருந்தது. ஒரு விரல் அகலம் உள்ளே பட்டிருந்தால் திங்கட்கிழமையும் இல்லை, அதற்குப் பிறகு எந்தக் கிழமையும் இல்லை. அதை நினைத்ததும் வந்த பயம், சதீசனின் சிரிப்பைப் பார்த்ததும் வேறொன்றாக மாறியது.

இப்போது எறிவது அவன் முறை. சதீசன் தேங்காயை நெஞ்சுக்கு முன்னே பிடித்து நின்றான். சிரட்டையின் விளிம்பில் அவனுடைய வலக்கை விரல்கள் நாலும் வளைந்து தெரிந்தன. நிலோஜன் அந்த விரல்களைத்தான் பார்த்தான். சேர்வ் போடும்போது தோளைச் சுழற்றுவதுபோல முழு உடம்பையும் சுழற்றி எறிந்தான்.

சிரட்டை உடையும் சத்தத்துக்கு முன்பாக இன்னொரு சத்தம் கேட்டது. ஈர விறகை மிதித்து முறிப்பது போன்ற சத்தம். சதீசன் தன் கையைப் பார்த்தான். இரண்டு விரல்கள் புறங்கைப் பக்கமாக மடிந்து, ஒன்றில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பிறகுதான் முழங்காலில் விழுந்தான்.

“வேணுமெண்டு எறிஞ்சவன்டா” என்று கத்தியபடி அவன் தமையன் விமலகாந்தன் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தான்.

தில்லைக்குடாவின் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். கை தவறிப் பட்ட அடிக்குப் பழியில்லை. வேண்டுமென்று அடித்த அடிக்கு, குளிர்த்தித் தண்ணீர் தெளிக்கும் முன்னர், அதே இடத்தில் அதே அடி. தெளித்த பிறகு எவனும் எவனையும் தொடக்கூடாது. தெளிப்பது அன்று மாலை.

கயிறு, கம்பு, பந்தல் கால் எல்லாம் வடசேரிக்காரரின் கைகளுக்கு வந்தன. மகனை மறித்து நின்ற கனகசிங்கத்தின் மண்டையில் மண்வெட்டிப் பிடி இறங்கியது. அவர் வாய்க்குள் வழிந்த இரத்தத்தைத் துப்பினார். “ஓடு மனே, ஓடு” என்றார் விழுந்தபடியே.

நிலோஜன் ஓடினான். வாவிக்கரைக் கண்ணாமரப் பற்றைக்குள் இருவர் அவனைப் பிடித்தார்கள். வலக்கையைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு இடக்கையால் அடித்தான். ஒருவனின் மூக்கு அவன் முழங்காலில் நசுங்கியது. மற்றவன் பின்னாலிருந்து கழுத்தை நெரித்தபோது, நிலோஜன் தலையைத் திருப்பி அவன் காதைக் கடித்தான். பிடி விடும்வரை பல்லை எடுக்கவில்லை. வாயில் உப்புக் கரித்தது. தண்ணீருக்குள் பாய்ந்து, மறுபக்கம் கட்டியிருந்த தோணியொன்றை நோக்கி இடுப்பளவு சேற்றில் உழக்கிக்கொண்டு போனான்.

கரையால் சுற்றி வந்த விமலகாந்தன் தோணிக்குள் காத்திருந்தான். துடுப்பின் முதல் அடி நிலோஜனின் விலாவில் விழுந்தது. மேலும் நாலு பேர் தண்ணீருக்குள் இறங்கி அவனை இழுத்து, தோணி விளிம்பில் சாய்த்து, வலக்கையை விரித்துப் பலகையில் அழுத்தினார்கள்.

“பொறுங்க” என்றான் சதீசன்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல், கையைச் சாரத்துணியில் சுற்றிக்கொண்டு கரையில் நின்றான். துணி முழுக்கச் சிவப்பு. முகம் சாம்பலாகியிருந்தது. கோயிலில் பறைமேளம் தொடங்கிவிட்டது.

“இவனை விட்டா நாமளும் ஒரு சேரியா?” என்றான் விமலகாந்தன்.

“கேக்காமக் கைவச்சா அது வழக்கம் இல்ல.” சதீசன் தண்ணீருக்குள் இறங்கிப் பக்கத்தில் வந்தான். “டேய் நிலோ. இத்தின பேருக்கு முன்னால சொல்லு. வேணுமெண்டு எறிஞ்சயா, கை தவறிச்சா? தவறிட்டெண்டா விட்டுர்ரம். நீ போய் உன்ட மெச்சை ஆடு.”

ஒரு சொல் போதும். மணிக்கட்டில் காயம் இருக்கிறது, கை நடுங்கியது என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். நிலோஜன் வாயைத் திறந்தான். சதீசன் அந்தச் சொல்லுக்காகக் காத்து நின்றான். அந்த வலியிலும் அவன் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. நாளைக்கு இறால் பண்ணையிலும், மீன் வாடியிலும், நகரத்துக் கோர்ட்டிலும் இதைத்தான் சொல்வான். நிலோஜனுக்குக் கை தவறிவிட்டது, அவனே வாயால் ஒப்புக்கொண்டான்.

“எனக்குக் கை தவறுறல்ல” என்றான் நிலோஜன். “அண்டைக்கும் உனக்குக் காய்ச்சல் இல்ல.”

சதீசனின் சிரிப்புப் போய்விட்டது. தமையனிடமிருந்து துடுப்பை இடக்கையால் வாங்கினான். முதல் அடி பலகையில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது அடி தவறவில்லை.

நிலோஜனின் அலறல் கோயில் வரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் குளிர்த்தித் தண்ணீர் தெளித்தார்கள். இரண்டு சேரிக்காரர்களும் சேர்ந்து அவர்கள் இருவரையும் ஒரே ஓட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை காலை. ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டில் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அன்னப்பூரணி இருவருக்கும் ஒரே பானையிலிருந்து கஞ்சி ஊற்றி வைத்துவிட்டுப் போனாள். தலையில் தையலோடு கனகசிங்கம் போனை மகனின் காதில் பிடித்தார். போட்டி நிர்வாகியிடம் நிலோஜன் இரண்டு வார்த்தை பேசினான். அவனுடைய இடம் தகுதிச் சுற்றில் தோற்ற ஒரு இந்தியப் பையனுக்குப் போனது. வைத்தியர் சொன்னபடி வலக்கை விரல்களில் தகடு வைத்தால், ஏழெட்டு மாதத்தில் ரக்கெட் பிடிக்கலாம். பழைய வேகம் வருமா என்று கேட்டபோது அவர் எக்ஸ்ரேயைத் திரும்பவும் பார்த்தார்.

பத்து மணிக்குப் பொலிஸ் சார்ஜன்ட் வந்தார்.

“கையை முறிச்சது ஆரு தம்பி? பேரைச் சொன்னா இப்பவே உள்ளுக்குப் போடலாம்.”

பக்கத்துக் கட்டிலில் சதீசன் கண்ணை மூடிக்கொண்டான்.

“போர்த்தேங்காய் பட்டது சேர்” என்றான் நிலோஜன்.

“ரெண்டு பேருக்குமா?”

“ஓம் சேர். ரெண்டு பேருக்கும்.”

சார்ஜன்ட் இருவரின் கட்டுகளையும் பார்த்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். கனகசிங்கமும் தேத்தண்ணி வாங்க வெளியே போனார்.

“ஏன்டா சொல்லல்ல?” என்று சதீசன் மெதுவாகக் கேட்டான். “சொல்லியிருந்தா என்னை மறியலுக்குள்ள பூட்டியிருப்பாங்கதானே.”

நிலோஜன் தலையைத் திருப்பினான். கோபமோ அழுகையோ அவன் முகத்தில் இல்லை. எதிராளி சேர்வுக்கு நிற்கும் இடத்தை அளப்பதுபோல, சதீசனின் கட்டுப்போடாத இடக்கையை மட்டும் பார்த்தான்.

“நீ மறியலுக்குப் போனா எனக்கு எட்டாது” என்றான்.

சதீசன் சிரிப்பதற்கு முயன்றான். நிலோஜன் பார்வையை எடுக்கவில்லை. மருந்து வண்டியோடு அந்தப் பக்கமாக வந்த தாதியைச் சதீசன் கூப்பிட்டான்.

“மிஸ்ஸி, என்னை வேற கட்டிலுக்கு மாத்திவிடுங்க.”