சகலையின் ஏரி

“வளர்த்தீங்க, யார் இல்லன்னா? அதுக்காக ஏரியையே உங்க பேர்ல எழுதிக் குடுக்கணுமா?”

“ஏரிய நீயே வச்சுக்கப்பா. பலகையில என்ன எழுதி வச்சிருக்க? ‘எங்கள் தெரு நீர்நாய்கள்’. உங்க தெருவா அதுங்களுக்குப் பால் குடுத்துச்சு?”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இந்தச் சத்தம் மூன்று வீடு தாண்டிக் கேட்டது. நான்காவது வீட்டில் டிவியை அணைத்துவிட்டார்கள், அவர்களுக்கும் கேட்டது. கத்திக்கொண்டிருந்த இருவரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் மிருகக்காட்சிசாலையில் நீர்நாய்களைப் பார்த்துக்கொள்பவர். தெரு அவரை நீர்நாய்க்காரர் என்றே சொல்லும். தங்கையைக் கட்டியவர் குழாய் வேலை செய்பவர். சாப்பிடக் கூப்பிட்டது தங்கை வீடு. சமையலறைக்குள் போன அக்காவும் தங்கையும் பாத்திரம் கழுவக் குழாயைத் திறக்கவே இல்லை. திறந்தால் வெளியே பேசுவது கேட்காதே.

நீர்நாய்க்காரரின் வயிற்றெரிச்சலில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால், தாய் வலையில் சிக்கிச் செத்துப்போக, அண்ணனும் தங்கையுமாக இரண்டு குட்டிகள் அவர் கைக்கு வந்தன. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் புட்டிப்பால் கொடுத்தார். பெண்குட்டிக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம். இவரே தொட்டிக்குள் இறங்கி, இடுப்பளவு நீரில் நின்று, அதற்கு நீச்சல் பழக்கினார். பதிவேட்டில் அவற்றுக்கு எண்தான். இவருக்குப் பெரியவன், சின்னவள். மீன் கொண்டுபோகும்போது கூண்டுச் சாவியால் இரும்புப் பக்கெட்டின் விளிம்பில் மூன்று முறை தட்டுவார். எங்கிருந்தாலும் சின்னவள் ஓடிவந்து, அவர் காலின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிற்பாள். இத்தனை செய்தவரை ஒருத்தரும் ஒரு போட்டோ எடுத்ததில்லை.

பிறகு மேலிடத்தில் முடிவு செய்தார்கள், இவை கூண்டுக்கு இல்லை, ஏரிக்கு என்று. ஏரி எது என்று பார்த்தால், சகலை வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் கிடந்த சாக்கடைக் குட்டை. விலங்கு மட்டும் இருந்தால் போதாது, அது இருக்க இடம் வேண்டும் என்று மிருகக்காட்சிசாலை டாக்டரம்மா தெருவைக் கூட்டிச் சொன்னார். தெருவோ கொட்டாவி விட்டது. எழுந்து நின்றவர் குழாய்க்காரர் ஒருத்தர்தான். பதினெட்டு வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் ஏரியில் விழுந்துகொண்டிருந்தன. லீவு நாளெல்லாம் மண்ணைத் தோண்டி அத்தனையையும் தெருச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டார். கிழக்கு மூலையில் வலை போடுகிறவர்களிடம் போய்ப் போய்ப் பேசி வலையை எடுக்க வைத்தார். மிருகக்காட்சிசாலைத் தோட்டத்திலிருந்து நாணல் நாற்று வந்தபோது, முழங்கால் சேற்றில் இறங்கித் தெருவே நட்டது. தண்ணீர் தெளிந்தது, மீன் வந்தது.

பத்திரிகையிலும் வந்தது. கழுத்தில் பைனாகுலர் தொங்க, குழாய்க்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். படத்தில் நீர்நாய் இருந்த அறிகுறியே இல்லை. நீர்நாய்க்காரரோ அவர் சட்டை நுனியோகூட இல்லை. அந்தப் படத்தை வெட்டி எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியது வேறு யாருமில்லை, இவருடைய சொந்த மனைவி. தண்ணீர் பாட்டில் எடுக்கப் போகும்போதெல்லாம் சகலை சிரித்தார்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. குட்டிகளை ஏரியில் விட்டபின் ஆறு மாதத்துக்கு நீர்நாய்க்காரர் ஏரிக்கரையை மிதிக்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. குட்டிகள் மனிதர்களை மறக்க வேண்டும். இன்றைக்கு நல்லவர் காலடிக்கு வருவது நாளைக்கு வலைக்காரர் காலடிக்கும் வரும். வந்தால் திரும்பவும் கூண்டுதான். தெருவுக்கு இதையெல்லாம் படம் வரைந்து விளக்கிச் சொன்னவரே நீர்நாய்க்காரர்தான். அவருக்குத் தடை. சகலைக்கோ, கரையோரத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பதை நோட்டில் எழுதும் வேலை.

நாலரை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, ஜன்னல் வழியாக ஏரிக்கரைப் பலகை கண்ணில் பட்டது. அவ்வளவுதான்.

பலகைச் சண்டை அத்தோடு முடிந்திருக்கலாம். குழாய்க்காரர் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இன்னொன்றையும் சொன்னார்.

“கோச்சுக்காதீங்க அண்ணா. இப்ப அதுங்களுக்கு உங்கள அடையாளமே தெரியாது.”

வேறொரு நாளாக இருந்தால் இவரே சந்தோஷப்பட்டிருப்பார். இரண்டு வருடம் பாடுபட்டது இதற்குத்தானே. அன்றைக்கு அது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. எச்சில் கையோடு எழுந்தார். கொல்லையில் கிடந்த இரும்புப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தார். பின்னாலேயே வந்த குழாய்க்காரர், “அண்ணா, வேணாம்” என்றார். நீர்நாய்க்காரர் காதில் அது ‘பயந்துட்டேன்’ என்று விழுந்தது.

பாக்கெட்டில் இருந்த சாவியை எடுத்து மூன்று முறை தட்டினார்.

ஏரி அசையவில்லை. ஒரு மீன்கொத்தி மட்டும் பறந்து போனது. சகலை பின்னால் நின்று சிரிக்கிறார் என்று அவர் முதுகுக்குத் தோன்றியது. மறுபடி தட்டினார், இன்னும் பலமாக. நாணல் விலகி இரண்டு தலைகள் தெரிந்தன. பெரியவன் தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டு முங்கிவிட்டான். சின்னவள் நேராக நீந்தி வந்தாள். கரையேறினாள். அவருடைய வெறுங்காலின் மேல் ஈரக் கை இரண்டையும் வைத்தாள்.

அந்த நிமிஷம் அவருக்கு மந்திரி பதவி கிடைத்திருந்தால்கூட வேண்டாம் என்றிருப்பார்.

“அடையாளம் தெரியாதுன்னியே?” என்றார், திரும்பாமலே.

திரும்பிப் பார்த்தார். சகலை சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. கொல்லைக் கதவில் வந்து நின்ற அக்காதான் மெதுவாகக் கேட்டாள்.

“ஏங்க, பக்கெட்டு காலியா இருக்கே. அதுக்கு என்ன குடுக்கப் போறீங்க?”

கொடுக்க ஒன்றுமில்லை. சின்னவள் பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் காலை உதறினார், தண்ணீரை வாரி இறைத்தார், மண்ணாங்கட்டியை எறிந்தார். அவள் அதை விளையாட்டு என்று நினைத்து இன்னும் நெருங்கி வந்தாள். கடைசியில் அவர்தான் ஓட வேண்டியதாயிற்று.

புதன்கிழமை, தெருவுக்கு எதிர்ப்புறம் வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் ஒருவர் பக்கெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த சிமெண்டைத் தட்டிக்கொண்டிருந்தார். சின்னவள் வேலிச் சந்தில் நுழைந்து, தெருவைக் கடந்து வந்தாள். தண்ணீர் லாரியின் சக்கரம் அவளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவளோ அதைப் பொருட்படுத்தாமல் கொத்தனார் காலைப் பிடித்துக்கொண்டாள். கொத்தனார் அலறியடித்துச் சாரத்தின் உச்சிக்கு ஏறியதைத் தெரு ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நீர்நாய்க்காரர் சிரிக்கவில்லை. அன்று மாலையே கூண்டு வண்டி வந்து அவளை அள்ளிக்கொண்டு போனது.

அவள் ஏன் மனிதர் காலடிக்கு வந்தாள் என்று தெரியாமல் அடுத்த ஜோடியை எந்த ஏரியிலும் விட மாட்டேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். காவல் நோட்டை வாங்கிப் புரட்டினார். ஞாயிறு, மதியம் இரண்டு மணி, பக்கெட் தட்டிய சத்தத்துக்குச் சின்னது கரையேறியது என்று குழாய்க்காரர் உள்ளபடி எழுதியிருந்தார். தட்டியவர் யார் என்று மட்டும் எழுதவில்லை. கேட்டதற்கு, கவனிக்கவில்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம்.

இதைத் தங்கையிடம் கேட்டுவந்து மனைவி வீட்டில் சொன்னாள். சொல்லிவிட்டு, “பாத்தீங்களா அவரு மனச?” என்றும் கேட்டாள்.

அங்கேதான் நீர்நாய்க்காரருக்குத் தாங்கவில்லை. ஏரி அவனுடையது, பலகை அவனுடையது, பத்திரிகை அவனுடையது. இப்போது பெருந்தன்மையும் அவனுடையதா? ஆயுசு முழுக்க இந்தத் தயவைச் சுமந்துகொண்டு அவன் வீட்டு விருந்தில் உட்கார முடியுமா?

மறுநாள் காலை டாக்டரம்மா கைப்பையைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் சொல்லிவிட்டார்.

“தட்டினது நான்தான் மேடம்.”

மனசாட்சி உறுத்தியதால் சொன்னார் என்று அவர் பக்கத்து ஆட்கள் சொல்லுவார்கள். பாதி அதுதான். மீதிப் பாதியைத்தான் சொல்லியாயிற்றே.

டாக்டரம்மா திட்டவில்லை. எந்தப் பக்கெட், எத்தனை தட்டு, எந்த வயதிலிருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அன்று முதல், ஏரிக்குப் போக வேண்டிய குட்டிகளுக்குச் சத்தமும் இல்லை, முகமும் இல்லை. சுவருக்குப் பின்னாலிருந்து குழாய் வழியாக மீன் விழும். அந்தக் குழாயைப் போட யாரைக் கூப்பிட்டார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நீர்நாய்க்காரரை நாணல் நாற்றுத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். பெயர் மட்டும் மாறவில்லை.

அடுத்த வருடம் சின்னவளுக்குத் தூரத்து ஊர் மிருகக்காட்சிசாலையில் தனியாக இருந்த ஆண் ஒன்றோடு ஜோடி அமைந்தது. வண்டி கிளம்பியபோது நீர்நாய்க்காரர் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் மாதிரி வாசல்வரை கூடவே நடந்தார். பெரியவன் ஆற்றுப் பக்கமிருந்து வந்த ஒருத்தியோடு சேர்ந்துகொண்டான். மூன்று குட்டிகள், ஒன்றுக்கும் மனிதவாடை ஆகாது. இன்னொரு ஊரில் இதேபோல ஒரு ஏரியைச் சீர்செய்ய ஆள் தேடியபோது குழாய்க்காரரைத்தான் கேட்டார்கள். தங்கை குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போயிற்று. காலியான அந்த ஏரிக்கரை வீட்டுக்கு, ஒரு மாதம்கூடப் பொறுக்காமல், அக்கா தன் கணவரோடு குடிவந்தாள்.