விழாத மூட்டை

கோடவுன் வாசலை எட்டுவதற்குள் ஒட்டகத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது. வலது கால் கட்டைவிரல் செக்கச்செவேலென்று வீங்கி, செருப்பு வார் உரசினால்கூட உச்சந்தலைவரை சுண்டி இழுத்தது. சுமை தூக்கும்போது சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டான், அதனால் எல்லாரும் வைத்த பெயர் ஒட்டகம். கக்கூஸ் மறுகோடியில் இருந்தது. அதுவரை போய்வந்தால் மேஸ்திரி வாய்க்கு வந்தபடி ஏசுவார்.

"என்னய்யா நொண்டிக்கிட்டு வர்ற?" என்றார் மேஸ்திரி.

டிபிக்கு அவன் மாத்திரை விழுங்க ஆரம்பித்து ஏழு வாரம். அது அங்கே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. முதல் பதினைந்து நாள் வீட்டில் கிடந்ததற்கு மஞ்சள்காமாலை என்று சொல்லி ஒப்பேற்றியிருந்தான். இப்போதும் வாயில் வந்ததைச் சொன்னான்.

"நேத்து கால்ல மூட்டை விழுந்துடுச்சு மேஸ்திரி."

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டான். மூட்டையை இரண்டு பேர் பிடித்துத்தான் அடுக்கிய அட்டியில் வீசுவார்கள். தலைப்பக்கம் இவன், வால்பக்கம் நெட்டையன். விழுந்தது என்றால் வால் நழுவியது என்றுதான் அர்த்தம். நெட்டையன் இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு மூட்டையைக் கைவிட்டவன்.

"மூணாவதா? நாளைலேருந்து நீ இந்தப் பக்கமே வராதடா நெட்டை!"

நெட்டையன் பேந்தப் பேந்த விழித்தான். "நானா அண்ணே போட்டேன்? எனக்கே தெரியலையே" என்றவன், தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எப்ப நழுவுச்சுன்னு ஞாபகமே இல்லை. வலிக்குதாண்ணே?"

ஒட்டகத்துக்கு அங்கே நிற்க முடியவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே மருந்து தரும் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

நர்ஸம்மா விரலைப் பார்த்ததும் கேட்டாள்: "அடிபட்டுச்சா?"

"இல்லைம்மா. காலைல எந்திரிச்சா இப்படி."

"நீங்க சாப்பிடுற மாத்திரைல ஒண்ணு செய்யற வேலை. யூரிக் அமிலத்தை வெளிய போகவிடாம உடம்புலயே தேக்கிடும். டாக்டர் பார்த்து வலிக்கு மருந்து தருவார். தண்ணி நிறைய குடிக்கிறீங்களா?"

அவன் கூரையைப் பார்த்தான்.

"நல்லா இருக்கு! அந்த ஒரு மாத்திரை மட்டும் ரெண்டு மாசத்தோட முடிஞ்சுடும், மத்ததெல்லாம் ஆறு மாசம். நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க. உங்ககிட்டேருந்து இனிமே யாருக்கும் ஒட்டாது, பயப்படாதீங்க."

திரும்பி வரும்போது மூன்று முறை மனம் மாறியது. சொன்னால் தண்ணீர்ப் பானைப் பக்கம்கூட விடமாட்டார்கள். சொல்லாவிட்டால், செய்யாத தப்புக்கு ஒருத்தன் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு கிடப்பான்.

சாயங்காலம் எல்லாரும் கைகால் கழுவும் குழாயடியில் போய் நின்றான். நெட்டையன் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"மேஸ்திரி, மூட்டை எதுவும் விழல. எனக்கு டிபி. இது மாத்திரையால வந்த வீக்கம். இப்ப ஒட்டாதுன்னு சொல்லிட்டாங்க."

இருந்தவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"அதை ஆஸ்பத்திரில எழுதி வாங்கிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்றார் மேஸ்திரி. பிறகு நெட்டையன் பக்கம் திரும்பாமலே, "நீ காலைல வந்துடு" என்றார்.

நெட்டையனுக்கு முகம் சிவந்தது. "ஏன்யா, காலைலேருந்து பைத்தியம் பிடிக்காத குறை எனக்கு! உன் நாக்குல தீயை வைக்க!" பையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்தவன் நின்றான்.

"இன்னும் எத்தனை நாளைக்கு மாத்திரை?"

"நாலு மாசத்துக்கு மேல."

"வீக்கம் எப்ப வடியும்?"

"தெரியலைடா."

"அதுவரைக்கும் தலைப்பக்கம் நான் யாரைப் பிடிக்கச் சொல்றது?" என்று கத்திவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நெட்டையன் போய்விட்டான்.