ஓடீல் செய்த பீரங்கிக் குண்டு

பெல்ஜியத்தில் எங்கள் ஈப்பர் பக்கத்து மண்ணில் உருளைக்கிழங்கைவிடப் பீரங்கிக் குண்டு நன்றாக விளையும். முதல் உலகப் போர் என்கிற பெரிய சண்டை முடிந்து நூறு வருஷம் கழிந்தும் மகசூல் குறையவில்லை. வெடிக்காமல் புதைந்து, உழும்போது தட்டுப்படுவதை மின்கம்பத்தடியில் வைத்துவிட்டுப் போன் போட்டால், ராணுவ லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

சாக்லேட் கடை ஓடீல், மகள் வீர்லேயின் கல்யாண கேக்கைப் பீரங்கிக் குண்டாகவே செய்தான். உடம்பு முழுக்கச் சாக்லேட், துருவுக்குக் கோகோத் தூள், செப்பு வளையங்களுக்கும் முனையிலுள்ள பித்தளை மூக்குக்கும் பொன்தாள். அதைப் பார்த்ததும் என் நாய் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கியது. நாய் பொய் சொல்லாது.

கேக்கோடு நானும் அவனும் மண்டபத்துக்குப் போகும் வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியை எடுக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று ஓடீல் குண்டைத் தூக்கிக் கம்பத்தடியில் வைத்தான். நாங்கள் டயரோடு மல்லுக்கட்டும்போது வழக்கமான சுற்றில் ராணுவ லாரி வந்தது. சார்ஜெண்ட் ஹில்டே குண்டை மணல்பெட்டியில் பூப்போலப் படுக்கவைத்தாள்.

ஓடீல் ஓடினான். "ஐயோ, அது என் பொண்ணோட கல்யாண கேக்கும்மா."

"போன வாரம் ஒருத்தர் பூச்சாடின்னார்."

"மோந்து பாருங்க, சாக்லேட் வாசனை."

"வாசனை வந்தா விஷவாயுக் குண்டு. தள்ளி நில்லுங்க. சாயங்காலம் வெடிக்க வெச்சிடுவோம். பொய்க் குண்டுன்னா அடையாளத்துல எங்கயாவது தப்பு இருக்கணும். காட்டுங்க, இறக்கிடறேன்."

"தப்பா? என் வேலையிலயா?"

"டேய், ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலையேன்டா," என்றேன் நான்.

"பீரங்கிக் குழல் கீறின கோடுகூட வளையத்துல இருக்குடா. எதைத் தப்புங்கறது?"

அதற்குள் வீர்லே கல்யாண கவுனோடு சைக்கிளில் வந்து இறங்கினாள். நான் விஷயத்தைச் சொன்னேன். "அப்பா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வெறும் காப்பியக் குடிச்சிட்டு உக்காந்திருக்காங்க. சொல்லப்போறியா இல்லியா?"

ஓடீல் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்பவனைப்போலக் குனிந்தான். "ரெண்டு வளையம் போட்ட உடம்பு ஜெர்மன்காரனோடது. பித்தளை மூக்குல இருக்கிறது இங்கிலீஷ்காரன் முத்திரை. ரெண்டும் ஒண்ணா சேராது."

"தெரிஞ்சே ஏன் சேர்த்தீங்க?"

"அந்த மூக்குதான் அழகா இருந்துச்சு."

ஹில்டே எல்லோரையும் பள்ளத்துக்குள் படுக்கச் சொன்னாள். குண்டை லாரியிலிருந்து இறக்கி, தானும் அதன் அருகே குப்புறப் படுத்து, மூக்கை நறுக்கென்று கடித்தாள். வெடிகுண்டு மூக்கைப் பல்லால் கழற்றி நான் பார்த்தது அன்றுதான். "செயலிழந்துடுச்சு," என்று வாய் நிறைய அறிவித்தாள்.

மணப்பெண், கேக், நாங்கள் எல்லோரும் ராணுவ லாரியிலேயே மண்டபம் போய் இறங்கினோம். இங்கிலீஷ் மூக்கு ஹில்டேயின் வயிற்றுக்குள் போய்விட்டதால் மீதியிருந்தது அப்பழுக்கில்லாத ஜெர்மன் குண்டு. "இப்ப இதுல ஒரு தப்பும் இல்ல," என்று ஓடீல் மேசைக்கு மேசை சொல்லிக்கொண்டே கேக்கைத் துண்டு போட்டான்.