அம்மா மட்டும்

"பொண்ணோட அம்மா மட்டும் உள்ள வாங்க" என்று கல்லூரி உதவியாளர் கதவைத் திறந்து கூப்பிட்டதும், பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்தார்கள்.

ஒருத்தி பெற்றவள், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். இன்னொருவர் மேடம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணையாக ஆள் அனுப்பும் ஒரு அமைப்பிலிருந்து, மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வந்தவர். இரண்டு மாதத்தில் அலுத்துப்போய் நின்றுவிடுவார் என்றுதான் பெற்றவளான இவள் நினைத்தாள். அவரோ ஞாயிறு தவறாமல் வந்தார். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டபோதெல்லாம் இவளுக்கு ஷிப்ட், மேடம்தான் போனார். அந்தப் பழக்கதோஷத்தில்தான் இன்றும் எழுந்துவிட்டார்.

"சாரி, சாரி" என்று மேடம் அவசரமாக உட்கார்ந்தார். இவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது. விடுதியோடு இலவசமாகப் படிக்க மிச்சமிருந்தது ஒரே ஒரு இடம்.

"நீங்களே போங்க மேடம். நான் எதையாவது உளறிவெச்சு காரியத்தைக் கெடுத்துடுவேன்."

"அவ அம்மா நீங்கதானே? போங்க, உள்ள காத்துட்டிருக்கா."

உள்ளே மகள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே வார்டன்.

"போன வருஷம் சேந்த பொண்ணு ஒரே வாரத்துல அழுதுட்டு வீட்டுக்குப் போயிட்டா. இடம் வீணாப்போச்சு. உள்ளதைச் சொல்லுங்கம்மா. உங்க பொண்ணு தனியா இருந்துடுவாளா?"

மேடத்துக்குக்கூடத் தெரியாத ஒன்று இவளுக்குத் தெரியும். இத்தனை வளர்ந்தும், அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளாமல் மகளுக்குத் தூக்கம் வராது. அதைச் சொன்னால் போதும், மகள் வீட்டோடு இருந்துவிடுவாள். யாரும் இவளைக் குறை சொல்ல முடியாது. உள்ளதைத்தானே கேட்டார்கள்? வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. அது வந்ததே இவளுக்கு வெட்கமாக இருந்தது.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது என்று அவளுக்குத் தெரியும்.

"அவ இருந்துடுவாங்க," என்றாள் இவள். "எனக்குத்தான் அவ கையைப் புடிச்சுக்காம தூக்கம் வராது."

வார்டன் சிரித்தார். "உங்களுக்கு இங்க இடம் கிடையாதே! சரி, ரெண்டு பேரும் வெளியில இருங்க. பேசிட்டுச் சொல்றோம்."

கதவு திறந்ததும் மேடம் மறுபடி எழுந்தார். "என்ன கேட்டாங்க? என்ன சொன்னீங்க?"

மகளும் கூடவே வெளியே வந்திருந்தாள். இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்போடு சேர்த்து, அம்மாவின் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தாள்.