கோட்டுக்காகக் கிடந்த பட்டினி

மகள் கல்யாணத்துக்குத் தனக்கென்று ஒரு கோட்டு தைத்தார் தையல்காரர். ஊரார் இடுப்பையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளப்பவர், தன் இடுப்பை மட்டும் பத்து வருஷத்துக்கு முந்தைய நினைப்பில் வெட்டிவிட்டார். பொத்தான் மூடவில்லை. தையலைப் பிரித்துவிடலாம்தான், கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கோட்டைப் பெரிதாக்குவதற்குப் பதில் ஆளைச் சின்னதாக்க முடிவு செய்தார்.

மனைவி கட்டிக்கொடுத்த மதியச் சாப்பாடு தினமும் கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் அம்மாளுக்குப் போனது. வீட்டிலும் பசியில்லை என்று பாதியில் எழுந்துவிடுவார். நான்காம் நாள் சவரம் செய்யும்போது பார்த்தால், கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

மஞ்சள்காமாலை என்று வீடே கலங்கியது. கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமா என்றுகூட மகள் கேட்டாள். அப்போதும் அவர் பட்டினி பற்றி வாயே திறக்கவில்லை.

கொழுந்தியாளுக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வந்து ரத்தம் எடுத்துப் போனாள். மறுநாள் முடிவை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, கல்லீரல் நல்லா இருக்கு. பிலிருபின் மட்டும் கொஞ்சம் கூட. சாப்பிடாம இருந்தீங்களா?"

வேளாவேளைக்குச் சாப்பிடுவதாகச் சாதித்தார். அவள் பொறுமையாக விளக்கினாள். வயதான ரத்த அணுக்கள் உடையும்போது அந்தச் சிவப்பு முதலில் பச்சையாகி, பிறகு மஞ்சளாகும், அதுதான் பிலிருபின். அளவோடு இருந்தால் உடம்புக்கு ஒரு காவல்கூட. மிச்சத்தைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த வேலை சற்று மந்தம், பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கும் வரலாம். ஆபத்தில்லை, ஆனால் பட்டினி கிடந்தால் மஞ்சள் கண்ணில் ஏறிவிடும்.

"மத்தவங்க பட்டினி கிடந்தா யாருக்கும் தெரியாது மாமா. உங்களுக்கு மட்டும் கண்ணுல நோட்டீஸ் ஒட்டிடும்."

மனைவி பார்த்த ஒரே பார்வையில் எல்லாம் வெளியே வந்தது. அவள் திட்டவில்லை. தட்டை வைத்து, கடைசிக் கவளம்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். காஜா அம்மாள் அரைமணியில் கோட்டுத் தையலைப் பிரித்து, இரண்டு அங்குலம் விட்டுத் தைத்துக்கொடுத்தாள்.

கல்யாணத்தன்று எல்லோரும் மணப்பெண்ணின் உடுப்பைப் பார்க்க, தையல்காரர் அவள் கீழிமையை மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"காலையில சாப்பிட்டியா?"

மாட்டிக்கொண்ட மகள் உதவிக்குக் கொழுந்தியாளைப் பார்த்தாள். கொழுந்தியாள் வேறெங்கோ பார்த்தாள். தையல்காரர் தட்டு தேடிப் போனார்.