சைத்தான் குடல்

வேரைப் பிடித்து இழுக்கக் கூடாது, இழுத்தால் அறுந்துவிடும். அது போகிற வழியிலேயே மண்ணை விலக்கி விலக்கி விரலும் போக வேண்டும். க்ளெண்டா ரப்பர் மெத்தையில் ஒரு முட்டியை ஊன்றி, இடுப்பு வலிக்கிற பக்கத்துக் காலை ஒருக்களித்து நீட்டியபடி, அரை மணி நேரமாக ஒரே வேரின் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். வெளியே பார்த்தால் வெள்ளைக் குழல்பூ பூக்கிற லட்சணமான கொடி. அதற்கு அந்தப் பக்கத்தில் வைத்திருக்கிற பேர் சைத்தான் குடல். விரற்கடைத் துண்டு மண்ணுக்குள் தங்கினாலும் தனிக்கொடியாக எழுந்து வரும். தோண்டி எடுத்ததைக் குப்பைக் குவியலில் போட்டால் அங்கேயும் முளைக்கும். மூடி போட்ட வாளியில் தண்ணீர் ஊற்றி ஆறு வாரம் அழுக விட்டால்தான் சாகும். அந்த வாளியின் நாற்றம் அவளுக்குப் பழகிவிட்டிருந்தது.

ரயில் பாதைக்கு மேலே, சரிவில், நாற்பத்திரண்டு தோட்டத் துண்டுகள். கவுன்சில் நிலம், கமிட்டி நிர்வாகம். வீட்டுக்கு முன்னால் நான்கு அடி சிமெண்டு மட்டும் வைத்திருக்கிற ஜனங்கள் உருளைக்கிழங்கும் பீன்ஸும் போடக் குத்தகைக்கு எடுக்கிற இடம். எடுத்தவர் நிலத்தில் முக்கால் பங்கைப் பயிரில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கடிதம் வரும். மூன்றாவது கடிதம் வந்தால் வாசல் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். பின்னால் அறுபது பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள். க்ளெண்டாவின் பதினான்காம் துண்டுக்கு இரண்டு கடிதங்கள் வந்தாகிவிட்டது. இரண்டாவதைக் காரியதரிசி ஜானிஸ் தபாலில் போட மனமில்லாமல் கையிலேயே கொண்டுவந்து, கண்ணைப் பார்க்காமல் நீட்டினாள்.

"நான் எழுதலேன்னா வேற யாராவது எழுதுவாங்க க்ளெண்டா. பன்னெண்டாம் தேதி சனிக்கிழமை சுத்தி வருவோம். அதுக்குள்ள முக்காவாசி மண்ணாவது தெரியுற மாதிரி பண்ணிருங்க."

ஜானிஸைக் குற்றம் சொல்ல முடியாது. போன வருஷம் முழுக்க க்ளெண்டா இந்தப் பக்கம் வரவே இல்லை. அதற்கு முந்தைய பனிக்காலத்தில் மகன் க்ரெய்க், முப்பத்திநாலு வயது, படுக்கையிலேயே நெஞ்சு நின்று செத்துப்போயிருந்தான். கல்யாணம் முறிந்து, இரண்டு பைகளோடு அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தவன். நாள் முழுக்க சோபாவில் கிடந்தவனை அவள்தான் திட்டித் திட்டி இங்கே இழுத்து வந்தாள். அந்த ஒரு கோடை அவன் தோண்டினான். ஒழுங்காகவா தோண்டினான்? பீன்ஸுக்கு நட்ட மூங்கில் கழிகள் குடிகாரன் போலச் சாய்ந்து நின்றன. ஆனால் விசில் அடித்தான். பத்து வருஷமாக அவள் கேட்காத விசில்.

அவன் சாம்பல் கொட்டகை அலமாரியில் இருந்தது, மூடியில் ராபின் குருவி படம் போட்ட கிறிஸ்துமஸ் பிஸ்கட் டப்பாவில். சுடுகாட்டில் கொடுத்த பிளாஸ்டிக் ஜாடி அவளுக்குப் பிடிக்கவில்லை. நெல்லிப் புதருக்குக் கீழே புதைப்பது என்று, திரும்ப இங்கே வந்த முதல் நாளே முடிவு செய்திருந்தாள். மண்வெட்டியும் எடுத்தாள். அப்புறம் ஒரு யோசனை வந்து கை நின்றுபோனது. நிலம் கைமாறினால்? எவனோ வந்து புதரைப் பிடுங்கிவிட்டு மகன்மேல் காரட் போடுவான். துண்டு தனக்கு நிலைக்கும் என்று தெரிந்த பிறகு புதைக்கலாம் என்று தள்ளிப்போட்டாள். டப்பாவுக்குள் இருப்பது என்னவென்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தலையைச் சாய்த்துப் பாவம் என்பார்கள், அது அவளுக்கு ஆகாது.

பக்கத்துத் துண்டு நெவிலுக்கு எழுபத்தாறு வயது, பஸ் டெப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெங்காயத்தைக் கயிறு கட்டி நேர்கோட்டில் நடுகிற மனிதர். தினமும் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, அவள் முடித்த தூரத்தைக் கண்ணாலேயே அளப்பார். ஒரு நாளைக்கு மூன்றடி முன்னேறினாள். இடுப்பு அதற்கு மேல் விடவில்லை. ஆபரேஷனுக்குப் பேர் கொடுத்துப் பதினேழு மாதம் ஆகியும் தேதி வரவில்லை. மச்சானிடம் ரோட்டவேட்டர் இருக்கிறது, ஒரு காலைப்பொழுதில் மொத்தத்தையும் புரட்டிவிடலாம் என்று நெவில் மூன்று தரம் சொல்லிவிட்டார்.

"மெஷின் மட்டும் வேண்டாம் நெவில். வேரெல்லாம் துண்டு துண்டாயிடும். ஒண்ணு நூறா வரும்."

"வரும்தான், எனக்குத் தெரியாதா? சனிக்கிழமைக்கு வேரு தெரியாதும்மா, மண்ணுதான் தெரியும். மொதல்ல எடத்தக் காப்பாத்து. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அதனால்தான் அவளுக்குக் கோபம் வந்தது. கையாலேயே முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடி மண்டியிட்டாள்.

பத்தாம் தேதி வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போய், ரத்தம் கொடுத்து, எடை பார்த்து, யார் யாரோ கேட்ட ஒரே கேள்விக்கு நான்கு தரம் பதில் சொல்லித் திரும்பும்போது மணி மூன்று. வீட்டுக்குப் போகாமல் நேரே சரிவில் ஏறினாள். இன்னும் இரண்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்று கணக்கு.

வாசலிலிருந்தே தெரிந்தது. பதினான்காம் துண்டு முழுக்கப் பழுப்பாக, சீப்பு வைத்து வாரியது போல் கிடந்தது. நெவிலும் அவர் மச்சானும் இன்னொரு ஆளும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்கில் டீ, தாளில் சுற்றிய இஞ்சி கேக். அவளைப் பார்த்ததும் மூன்று பேர் முகத்திலும் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய களை. நீ திட்டுவேன்னு தெரியும், திட்டிக்கோ, ஆனா டீயைக் குடிச்சிட்டுத் திட்டு என்று நெவில் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். அவள் உட்கார்ந்து கேக்கை வாங்கிக்கொண்டாள். இத்தனை நாளில் யாரும் கேக் கொண்டுவந்து கொடுத்ததில்லை.

நெவில் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பூந்தொட்டிக்கு அடியில் கொட்டகைச் சாவி இருப்பது அவருக்குத் தெரியும், மண்வாரி எடுக்கக் கொட்டகையைத் திறந்தார். நெல்லிப் புதர் தப்பித்தது, அதைச் சுற்றி ஓட்டினார்கள்.

"அலமாரியில சாம்பல் வெச்சிருந்த பாரு, ராபின் டப்பாவுல. மழை படாம பத்திரமா வெச்சிருந்த. எனக்கே ஆச்சரியம். கொஞ்சம் நறநறன்னு இருந்துச்சு, எலும்புத் தூளும் கலந்திருந்தியாக்கும். ஒரு இடம் விடாம தூவிட்டுத்தான் மெஷினை ஓட்டினோம். இந்த வருஷம் பாரு, வெங்காயம் எப்படி எறங்குதுன்னு."

விறகுச் சாம்பலை உரத்துக்காக டப்பாவில் சேர்த்துவைப்பது இந்தச் சரிவில் எல்லோரும் செய்கிற காரியம்தான். நெவில் கொட்டகையிலேயே நான்கு டப்பா இருக்கிறது. க்ளெண்டா கேக்கைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். டப்பா எங்கே என்று கேட்ட குரல் அவளுக்கே யாருடையதோ போல் இருந்தது.

"தண்ணித் தொட்டியில கழுவிக் கவுத்து வெச்சிருக்கேன். நல்ல டப்பா."

கொட்டகைப் படியில் கவிழ்த்து வைத்திருந்தார், பக்கத்தில் மூடி, அதில் குருவி. வெயிலில் இரண்டும் காய்ந்துவிட்டிருந்தன. அவள் பார்வை படியிலிருந்து இறங்கி மண்ணில் நடந்தது. ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, சாய்ந்த மூங்கில் நின்ற இடம், வண்டித்தடம், எல்லா இடமும். அலறியிருக்கலாம். அலறினால் விஷயம் தெரிந்து நெவில் அந்த நாற்காலியிலேயே உடைந்துபோவார், அவர் அப்படிப்பட்ட மனிதர். அவர் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் மண்ணோடு சாம்பல் நிறமாக ஏதோ இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, வெட்ட வேண்டும் போலவும் இருந்தது.

ரொம்ப நன்றி என்று சொன்னாள். டீயையும் குடித்து முடித்தாள்.

சனிக்கிழமை ஜானிஸ் அட்டையில் டிக் போட்டுவிட்டுப் போனாள். காப்பாற்றியாகிவிட்டது, நிலம் நிலைத்துவிட்டது. எந்த நாளுக்காக டப்பாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாளோ அந்த நாள் வந்து, அவளைக் கேட்காமலே எல்லாம் முடிந்திருந்தது.

மூன்றாம் வாரம் மழை பெய்தது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வந்தபோது துண்டு முழுக்கச் சிவப்பு கலந்த பச்சை முனைகள் தலை நீட்டியிருந்தன. சாணுக்கு ஒன்று, சில இடத்தில் சாணுக்கு மூன்று. மெஷின் நறுக்கிய ஒவ்வொரு துண்டும் பிழைத்திருந்தது. அன்று காலைதான் ஆஸ்பத்திரிக் கடிதமும் வந்திருந்தது. ஜூலை இருபத்தொன்றாம் தேதி ஆபரேஷன், பிறகு மூன்று மாதம் மண்டியிடக் கூடாது, வர முடியாவிட்டால் உடனே தெரிவிக்கவும், இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்படும். கமிட்டி துண்டுகளை அடுத்துச் சோதிக்க வருவது செப்டம்பர் முதல் வாரம். அவள் கடிதத்தை மடித்து மழைக்கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, ரப்பர் மெத்தையை ஓரத்தில் போட்டு மண்டியிட்டாள்.

பதினொரு மணிக்கு நெவில் வேலியோரம் வந்தார். முனைகளைப் பார்த்தார்.

"இன்னொரு தரம் ஓட்டிருவோமாம்மா? செப்டம்பருக்கு முன்னாடி."

"இந்த மண்ணுல இனிமே யாரும் எதையும் ஓட்ட வேண்டாம் நெவில்."

அவள் சொன்ன விதத்தில் என்ன இருந்ததோ, அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்பார் என்று பார்த்தாள். கேட்டிருந்தால் அன்று சொல்லியிருப்பாள். அவர் வேறு விஷயம் கேட்டார்.

"ஒரு வேருக்கு இவ்வளவு நேரமா? ஒரு உதறு உதறி வாளியில போட வேண்டியதுதானே."

அவளிடம் இப்போது இரண்டு வாளிகள் இருந்தன. எடுத்த வேரைக் கட்டைவிரலால் நுனியிலிருந்து நுனி வரை நீவி, ஒட்டியிருந்த மண்ணையெல்லாம் குழியிலேயே உதிர்த்தாள். பிறகு நல்ல தண்ணீர் வாளியில் அலசினாள். வெள்ளையாகத் தேறிய வேரை நாற்ற வாளியில் போட்டு மூடினாள். அலசிய தண்ணீர் கலங்கியிருந்தது. அந்த வாளியை இரண்டு கையாலும் சாய்த்து, ஒரு சொட்டு பாதையில் சிந்தாமல், எடுத்த இடத்திலேயே மெல்ல ஊற்றினாள். மண் அதைக் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த முனைக்கு நகர்ந்தாள். அங்கிருந்து கொட்டகைப் படி வரை பச்சை முனைகள் நின்றன.